காதுக்குள் ஒரு குரல்: இணையவழி மதத் தீவிரவாதமும் பல்கலைக்கழக மாணவர்களும்

தீவிரவாதி என்ற சொல்லைக் கேட்டதும் பெரும்பாலானோர் மனதில் எழும் சித்திரம் ஒன்றுதான். படிப்பு வாசனை இல்லாதவன், வறுமையில் வளர்ந்தவன், காடு மலைகளில் ஒளிந்து திரிபவன். சினிமாவும் தொலைக்காட்சியும் சேர்ந்து வரைந்து கொடுத்த படம் இது. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளின் வரலாற்றைப் புரட்டினால் அந்தப் படத்தில் அடங்காத முகங்கள் வரிசையாக வருகின்றன. லண்டனில் பொறியியல் படித்த ஒரு வங்கித் தலைவரின் மகன். அதே லண்டனில் படித்த, ஆசிரியையாக வேண்டும் என்று விரும்பிய ஓர் இளம்பெண். டாக்காவின் செலவு மிகுந்த தனியார் பல்கலைக்கழகங்களில் படித்த இளைஞர்கள். கார்ட்டூமில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த, டாக்டர்களின் பிள்ளைகள்.

இவர்களில் சிலரை யாரும் வீடு தேடி வந்து அழைக்கவில்லை. தங்கள் அறையில் தனியாக அமர்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தாங்களே தேடிப் போய்க் கேட்ட குரல் ஒன்று அவர்களைக் கொண்டு போனது. அந்தக் குரல் எப்படி உருவானது, எப்படிப் பரவியது, ஏன் மாணவர்களைப் பிடித்தது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இணையத்துக்கு முன்பே இருந்த நோய்

முதலில் இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மதத் தீவிரவாதம் ஒரு மதத்தின் தனிச்சொத்து அல்ல. படித்தவர்கள் அதில் சிக்கியதும் இணையம் வந்த பிறகுதான் என்றில்லை. 1995ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டாலே இரண்டுக்கும் சான்று கிடைக்கிறது.

அந்த ஆண்டு மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் ஓம் ஷின்ரிக்யோ என்ற அமைப்பினர் சாரின் நச்சுவாயுவை விடுவித்தனர். 13 பேர் உயிரிழந்தார்கள். கால் நூற்றாண்டு காலம் படுக்கையிலேயே கிடந்த ஒரு பெண் 2020இல் இறந்து அந்தக் கணக்கில் சேர்ந்தார். பாதிக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். புத்த மதம், இந்து மதம், கிறிஸ்தவத்தின் உலக முடிவு நம்பிக்கை எல்லாவற்றையும் கலந்து ஷோகோ அசஹாரா என்பவர் உருவாக்கிய அமைப்பு அது. ரயில்களில் நச்சுப் பொட்டலங்களைக் குத்திக் கிழித்த ஐந்து பேரில் ஒருவர் கெய்யோ பல்கலைக்கழகத்தில் படித்த இதய அறுவைச் சிகிச்சை மருத்துவர். இன்னொருவர் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். வேறொருவர் வசேடா பல்கலைக்கழகப் பட்டதாரி. நாட்டின் மிகச் சிறந்த மூளைகள் என்று கொண்டாடப்பட வேண்டியவர்கள். அசஹாரா உள்ளிட்ட 13 பேருக்கு 2018 ஜூலையில் தூக்கு நிறைவேற்றப்பட்டது.

அதே 1995 நவம்பர் 4 அன்று இஸ்ரேல் பிரதமர் யிட்சாக் ரபீன் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் இகால் அமீர், பார் இலான் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவன், வயது 25. பாலஸ்தீனர்களுடன் சமாதானம் பேசிய பிரதமரைக் கொல்வதற்கு யூத மதச் சட்டமே இடம் தருகிறது என்று அவன் வாதிட்டான்.

இரண்டிலும் இணையத்துக்குப் பங்கு இல்லை. ஓம் அமைப்பினர் புத்தகம், சித்திரக்கதை, கார்ட்டூன் படம் எல்லாவற்றையும் பயன்படுத்தினார்கள். அமீருக்குப் பேரணிகளும் வாரக்கடைசிப் பயணங்களும் போதுமானதாக இருந்தன. ஆக நோய் பழையது. இணையம் அதற்குக் கொடுத்தது வேகமும் மலிவும்.

சிறுநூலில் இருந்து சிடி வரை

எந்தச் சரக்கானாலும் விற்பவருக்கு இரண்டு செலவுகள் உண்டு. ஒன்று தயாரிப்புச் செலவு, மற்றொன்று அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்க்கும் விநியோகச் செலவு. கருத்துகளுக்கும் இதே கணக்குதான்.

1980களில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படைக்கு எதிரான போருக்கு ஆள் திரட்டியவர்களில் முக்கியமானவர் அப்துல்லா அஸ்ஸாம். பாலஸ்தீனத்தில் பிறந்த மார்க்க அறிஞர். சவூதியின் ஜித்தாவில் உள்ள மன்னர் அப்துல் அஜீஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். பின்னாளில் அல் காய்தாவை நிறுவிய ஒசாமா பின் லேடன் மாணவராக இருந்ததும் அதே பல்கலைக்கழகத்தில்தான். 1984இல் பெஷாவரில் ஓர் அலுவலகத்தைத் திறந்த அஸ்ஸாம், சிறுநூல்கள் எழுதினார், பத்திரிகை நடத்தினார், நாடு நாடாகச் சென்று பேசினார். அவரது பேச்சுகள் கேசட்டுகளாகவும் வீடியோக்களாகவும் கைமாறின. அச்சுக்கூலி, விமான டிக்கெட், தபால் என்று ஒவ்வொன்றுக்கும் பணம் வேண்டியிருந்தது. 1989 நவம்பரில் பெஷாவரில் நடந்த குண்டுவெடிப்பில் அவர் கொல்லப்பட்டார்.

ஆனால் அவர் பெயர் சாகவில்லை. 1990களின் பிற்பகுதியில் லண்டனில் இருந்து அவர் பெயரிலேயே ஓர் இணையத்தளம் இயங்கத் தொடங்கியது. போஸ்னியா, செச்சனியா போர்க்களச் செய்திகளை ஆங்கிலத்தில் தந்தது அது. அரபு தெரியாத, மேற்கு நாடுகளில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் இளைஞர்கள்தான் அதன் இலக்கு. அச்சுக்கூலி போயிற்று, தபால் செலவு போயிற்று. இன்னும் ஒரே ஒரு குறை மட்டும் இருந்தது. எழுத்து இருந்ததே தவிர, ஆளை மயக்கும் குரல் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் அமெரிக்காவிலேயே பிறந்த ஒருவர்.

அன்வர் அல் அவ்லாகி

1971இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பிறந்தவர் அன்வர் அல் அவ்லாகி. அவர் தந்தை நாசர் அல் அவ்லாகி, ஏமனில் இருந்து உதவித்தொகையில் அமெரிக்காவுக்குப் படிக்க வந்தவர். பின்னாளில் ஏமனின் விவசாய அமைச்சராகவும் சனா பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். ஏழு வயதில் குடும்பத்தோடு ஏமன் சென்ற அன்வர், 1991இல் திரும்பி வந்து கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்தார். ஆனால் பாலம் கட்டப் போகவில்லை. டென்வர், சான் டியேகோ, பிறகு தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியா என்று பள்ளிவாசல்களில் இமாமாகப் பணியாற்றினார்.

அவரது ஆங்கிலம் அமெரிக்க ஆங்கிலம். பேச்சு கதை சொல்வது போல இருக்கும். நபிமார்களின் வரலாறு, மறுமை வாழ்வு போன்ற தலைப்புகளில் அவர் ஆற்றிய உரைகள் இருபதுக்கும் மேற்பட்ட சிடிக்கள் கொண்ட பெட்டிகளாக வெளிவந்து நன்றாக விற்றன. அந்த உரைகளில் வன்முறை இல்லை. சாதாரண முஸ்லிம் குடும்பங்கள் காரில் போகும்போது பிள்ளைகளோடு கேட்கும் பயான்களாகவே அவை இருந்தன. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கப் பத்திரிகைகள் மிதவாத இமாம் ஒருவரின் கருத்து வேண்டும் என்று அவரைத் தேடிச் சென்று பேட்டி எடுத்தன. அதே நேரத்தில், விமானங்களைக் கடத்தியவர்களில் இருவர் அவரது சான் டியேகோ பள்ளிவாசலுக்கு வந்து போனவர்கள் என்பதால் புலனாய்வுத் துறையும் அவரைக் கண்காணித்தது.

2002இல் அமெரிக்காவை விட்டு வெளியேறி பிரிட்டனில் சிறிது காலம் பேசித் திரிந்தார். 2004இல் ஏமன் சேர்ந்தார். 2006இல் அங்கே கைதாகி சுமார் ஒன்றரை ஆண்டுகள் சிறையில் இருந்தார். வெளியே வந்தபோது அவரது பேச்சில் இருந்த திரைகள் விலகியிருந்தன. 2008இல் சொந்தமாக வலைப்பதிவு தொடங்கினார். ஆயுதப் போராட்டம் ஒவ்வொரு முஸ்லிமின் கடமை என்று வெளிப்படையாக எழுதினார். வாசகர்கள் கேள்வி கேட்டார்கள், மின்னஞ்சல் அனுப்பினார்கள். அமெரிக்க ராணுவ மனநல மருத்துவரான நிதால் ஹசன் அவருக்குப் பதினைந்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் அனுப்பினார். வந்த பதில்கள் இரண்டே. 2009 நவம்பர் 5 அன்று டெக்சாசின் ஃபோர்ட் ஹூட் ராணுவத் தளத்தில் ஹசன் சுட்டதில் 13 பேர் மாண்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, நம்பிக்கை கட்டப்பட்ட விதம். முதலில் பல ஆண்டுகள் நபிமார் கதைகள், மறுமை பற்றிய ஆறுதல். பிறகுதான் விஷம். நல்ல பெயர் வாங்கிய நிறுவனம் அதே பெயரில் புதிய சரக்கை இறக்குவது போல. முதல் சிடியை நம்பிக் கேட்டவருக்குக் கடைசி வீடியோவைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

வங்கித் தலைவரின் மகன்

உமர் ஃபாரூக் அப்துல் முத்தல்லப் 1986இல் நைஜீரியாவில் பிறந்தவர். தந்தை அந்நாட்டின் முன்னணி வங்கி ஒன்றின் தலைவராக இருந்தவர். மகனை டோகோ நாட்டில் உள்ள பிரிட்டிஷ் உறைவிடப் பள்ளியில் படிக்க வைத்தார். அங்கே இருந்த காலத்தில், 2005இல், இந்த இளைஞர் இஸ்லாமிய விவாதத் தளம் ஒன்றில் புனைபெயரில் எழுதத் தொடங்கினார். பின்னாளில் உலகப் பத்திரிகைகள் அந்த எழுத்துகளைத் தேடி எடுத்துப் படித்தபோது அதிர்ந்து போயின. காரணம் அவற்றில் இருந்த வெறி அல்ல, வெறி இல்லாததுதான். கல்லூரி அட்மிஷன் கவலை, கால்பந்து, பெண்களைப் பார்ப்பது பாவமா என்ற குழப்பம். எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னோடு மனம்விட்டுப் பேச ஒருவர்கூட இல்லை, தனிமை வாட்டுகிறது என்ற புலம்பல்.

2005 முதல் 2008 வரை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பொறியியல் படித்தார். அங்கே இஸ்லாமிய மாணவர் சங்கத்தின் தலைவராகவும் ஓராண்டு இருந்தார். பிறகு துபாயில் மேற்படிப்பு. அதை விட்டுவிட்டு 2009 ஆகஸ்டில் அரபு படிக்கிறேன் என்று ஏமன் போனார். அங்கே அவர் தேடிச் சென்று சந்தித்தது அவ்லாகியை.

மகனின் செய்திகளில் ஏதோ தவறு இருப்பதை உணர்ந்த தந்தை 2009 நவம்பர் 19 அன்று நைஜீரியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கே நேரில் சென்று எச்சரித்தார். பெற்ற மகனைப் பற்றி அந்நிய நாட்டு அதிகாரிகளிடம் போய்ச் சொல்வது எந்தத் தகப்பனுக்கும் எளிய காரியம் அல்ல. அவர் சொன்னது கோப்பில் ஏறியது. ஆனால் விமானத்தில் ஏறத் தடை செய்யப்பட்டோர் பட்டியலில் மகனின் பெயர் ஏறவில்லை.

டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். ஆம்ஸ்டர்டாமில் இருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில் சுமார் 290 பேர். உள்ளாடையில் தைத்து வைத்திருந்த வெடிமருந்தை அவர் வெடிக்க வைக்க முயன்றபோது அது தீப்பிடித்ததே தவிர வெடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பயணிகள் பாய்ந்து அமுக்கினார்கள். 2012இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அவர் படித்த கல்லூரி ஒரு சுயேச்சையான விசாரணைக் குழுவை அமைத்தது. கல்லூரியில் இருந்த காலத்தில்தான் அவர் தீவிரவாதி ஆனார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2010இல் அக்குழு அறிக்கை தந்தது. எந்த இடத்தில், எந்த நாளில் ஒருவர் மாறினார் என்று சுட்டிக்காட்ட முடியாமல் போவதுதான் இணையக் காலத்தின் பெரும் சிக்கல்.

நூறு மணி நேரம்

ரோஷனாரா சௌத்ரியின் கதை இன்னும் விசித்திரமானது. கிழக்கு லண்டனில் வங்கதேச வம்சாவளிக் குடும்பத்தின் மூத்த மகள். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஆங்கிலமும் தகவல்தொடர்பியலும் படித்தார். படிப்பில் முதல் வரிசை. ஏழைக் குடும்பத்தில் இருந்து வந்து, பட்டம் வாங்க இன்னும் சில வாரங்களே இருந்தன.

2009 நவம்பரில் அவ்லாகியின் உரைகளை இணையத்தில் கேட்கத் தொடங்கினார். நூறு மணி நேரத்துக்கும் மேல் கேட்டிருக்கிறார். 2010 ஏப்ரலில் யூடியூபில் அப்துல்லா அஸ்ஸாமின் வீடியோவைப் பார்த்தார். அஸ்ஸாம் இறந்து அப்போது இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. அவர் கொல்லப்பட்ட ஆண்டில் பிறந்த பெண்ணின் அறைக்குள் அவர் குரல் வந்து சேர்ந்தது... தபால் செலவு இல்லாமல். பெண்களுக்கும் போராடும் கடமை உண்டு என்பது அந்தப் பேச்சில் இருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம்.

ஏப்ரல் இறுதியில் கல்லூரியை விட்டு நின்றார். பெற்றோர் தலையில் சுமை விழக்கூடாது என்று தன் கல்விக் கடனை அடைத்தார். மே 14 அன்று, தன் தொகுதி மக்களைச் சந்தித்துக் குறை கேட்டுக்கொண்டிருந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டீபன் டிம்ஸை, கை குலுக்க வருவது போலச் சிரித்தபடி நெருங்கி வயிற்றில் இரண்டு முறை கத்தியால் குத்தினார். 2003இல் ஈராக் போருக்கு ஆதரவாக வாக்களித்தவர் என்பதே காரணம். டிம்ஸ் உயிர் பிழைத்தார். 21 வயதுப் பெண்ணுக்கு ஆயுள் தண்டனை, குறைந்தது 15 ஆண்டுகள் சிறை என்று 2010 நவம்பரில் தீர்ப்பு வந்தது.

இவருக்கு எந்த அமைப்போடும் தொடர்பு இல்லை. யாரும் பணம் தரவில்லை, பயிற்சி தரவில்லை, கட்டளை இடவில்லை. தன் திட்டத்தைத் தாயிடமோ தோழியிடமோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகள் கடன்படக்கூடாது, பெற்றோர் கஷ்டப்படக்கூடாது என்று நினைக்கும் அளவுக்குப் பாசமுள்ள மகள். அந்தப் பாசமும் முன்பின் அறியாத ஒரு மனிதரைக் குத்தும் துணிவும் ஒரே மனதில் எப்படிக் குடியிருந்தன என்பதுதான் படிப்பவரைத் தூங்கவிடாத கேள்வி.

தீர்ப்பு வந்த அந்த வாரத்தில்தான் யூடியூப் அவ்லாகியின் நூற்றுக்கணக்கான வீடியோக்களை நீக்கியது.

ஆள் போனாலும் குரல் போகவில்லை

2011 செப்டம்பர் 30 அன்று ஏமனில் அமெரிக்காவின் ஆளில்லா விமானத் தாக்குதலில் அவ்லாகி கொல்லப்பட்டார். அமெரிக்கக் குடிமகன் ஒருவரை விசாரணையே இல்லாமல் கொல்லலாமா என்ற வழக்கும் விவாதமும் எழுந்தன. இரண்டு வாரங்கள் கழித்து அவரது 16 வயது மகனும் இன்னொரு தாக்குதலில் இறந்தான்.

ஆனால் 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டு வைத்த சகோதரர்களில் இளையவனின் கணினியில் அவ்லாகியின் பேச்சுகள் இருந்தன. அவன் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மவுத் வளாக மாணவன், வயது 19. குண்டு வைத்துவிட்டு விடுதிக்குத் திரும்பி வந்து சக மாணவர்களோடு சகஜமாக இருந்தான். 2017 இலையுதிர் காலத்தில்கூட யூடியூபில் அவ்லாகி பெயரைத் தேடினால் 70,000க்கும் மேற்பட்ட வீடியோக்கள் வந்தன. அந்த ஆண்டில்தான் அவரது பழைய நபிமார் வரலாறு உட்பட எல்லா உரைகளையும் நீக்க அந்நிறுவனம் முடிவு செய்தது.

டாக்கா, கார்ட்டூம், காத்தான்குடி

வங்கதேசத்தில் 2013 பிப்ரவரி 15 அன்று ராஜீப் ஹைதர் என்ற கட்டடக் கலைஞர், மத விமர்சனம் எழுதினார் என்பதற்காக வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்கள் நார்த் சவுத் என்ற பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். மதரசாக்களையே சந்தேகித்துப் பழகியிருந்த நாட்டுக்கு அது முதல் அதிர்ச்சி.

அடுத்த அதிர்ச்சி 2016 ஜூலை 1. டாக்காவின் வசதியான குல்ஷன் பகுதியில் ஹோலி ஆர்ட்டிசன் பேக்கரி என்ற உணவகத்தில் ஐந்து இளைஞர்கள் நுழைந்து 20 பேரைக் கொன்றார்கள். 9 இத்தாலியர், 7 ஜப்பானியர், ஓர் இந்தியர், மற்றவர்கள் வங்கதேசத்துடன் தொடர்புள்ளவர்கள். இரண்டு போலீஸ் அதிகாரிகளும் மாண்டனர். தாக்கியவர்களில் ஒருவன் நார்த் சவுத்திலும் பிறகு மலேசியாவில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழக வளாகத்திலும் படித்தவன். இன்னொருவன் பிராக் பல்கலைக்கழக மாணவன், ஆளுங்கட்சிப் பிரமுகரின் மகன். இருவர் ஏழ்மையான கிராமத்துப் பையன்கள். பணக்காரனும் ஏழையும் ஒன்றாக நின்றதால் வறுமை ஒன்றே காரணம் என்ற விளக்கம் அங்கே உடைந்து போனது. சில மாதங்களாகவே இவர்களில் சிலரைக் காணவில்லை என்று குடும்பத்தினர் தேடிக்கொண்டிருந்தார்கள். மகன் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, வீட்டுக்கு வந்துவிடு என்று ஒரு தந்தை கெஞ்சியிருந்தார்.

சூடானில் 2015 மார்ச்சில், கார்ட்டூமின் தனியார் மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்த பிரிட்டிஷ் சூடானிய மாணவர்கள் ஒரு குழுவாகத் துருக்கி வழியே சிரியா சென்று ஐஎஸ் பகுதியில் சேர்ந்தார்கள். சில மாதங்களில் இன்னொரு குழுவும் போனது. பெற்றோர் துருக்கி எல்லை வரை ஓடிப்போய்த் தேடினார்கள்.

தமிழும் இதற்கு விலக்கல்ல. இலங்கையின் காத்தான்குடியைச் சேர்ந்த ஸஹ்ரான் ஹாஷிம் ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் வெறுப்பைப் பரப்பியது தமிழில்தான். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் அவரது குழு நடத்திய தற்கொலைத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அந்தக் குழுவில் ஒருவர் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உயர்கல்வி படித்துத் திரும்பியவர். ஸஹ்ரானின் பேச்சுகள் ஆபத்தானவை என்று முன்கூட்டியே அதிகாரிகளிடம் புகார் செய்தவர்கள் உள்ளூர் முஸ்லிம்களே என்பது மறக்கக்கூடாத உண்மை.

ஏன் மாணவர்கள்?

ஆய்வாளர்கள் பல காரணங்களைச் சொல்கிறார்கள்.

முதலாவது, வயதும் தனிமையும். வீட்டை விட்டு வெளியே வந்து, நான் யார் என்ற கேள்வி முதன்முறையாக உறைக்கும் பருவம் இது. பெற்றோரின் ஊர்ப் பழக்கம் பழசாகத் தெரிகிறது. புதிய ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த இடைவெளியில், நீ யார் என்று நான் சொல்கிறேன் வா என ஒரு குரல் அழைக்கிறது.

இரண்டாவது, நியாயமான கோபம். போஸ்னியாவிலும் ஈராக்கிலும் காசாவிலும் இறந்த குழந்தைகள் பொய் அல்ல. அதைப் பார்த்து அழுபவன் கெட்டவனும் அல்ல. தீவிரவாதப் பிரசாரகர் செய்வது, அந்த இரக்கத்தைக் கடனாக மாற்றுவது. நீ பார்த்துவிட்டாய், இனி நீ கடன்பட்டவன், அடைக்காவிட்டால் நீயும் குற்றவாளி என்கிறார். நேர்மையான மாணவனே இந்தக் கணக்கில் முதலில் விழுகிறான்.

மூன்றாவது, மதத்தைப் பற்றிய அரைகுறை அறிவு. பிரிட்டிஷ் உளவுத்துறையின் ஆய்வுக் குறிப்பு ஒன்று 2008இல் பத்திரிகைகளில் வெளியானது. தீவிரவாதத்தில் சிக்கியோரில் பலர் ஒழுங்காகத் தொழுது வளர்ந்தவர்கள் அல்ல, மார்க்கக் கல்வி குறைந்தவர்கள், மதத்தில் ஆழமாக வேரூன்றியவர்களுக்கு அந்த வேரே பாதுகாப்பாக அமைகிறது என்று அது சொன்னது.

நான்காவது, படிப்பின் தன்மை. தியேகோ கம்பெட்டா, ஸ்டெஃபன் ஹெர்டோக் என்ற இரு சமூகவியல் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட நூலில், இஸ்லாமியத் தீவிரவாத அமைப்புகளில் இருந்த பட்டதாரிகளில் பொறியியல் படித்தவர்கள் எதிர்பார்ப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்று காட்டினார்கள். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காத ஏமாற்றம் ஒரு காரணம். எல்லாக் கேள்விக்கும் ஒரே சரியான விடை இருக்க வேண்டும் என்ற மனப்பாங்கு இன்னொரு காரணம் என்பது அவர்கள் வாதம். இதை வைத்துப் பொறியியல் மாணவர்களைச் சந்தேகிப்பது அபத்தம். பல கோடிப் பொறியாளர்களில் இவர்கள் ஒரு சிட்டிகைகூட இல்லை.

ஐந்தாவது, நட்பு. மனநல மருத்துவரும் ஆய்வாளருமான மார்க் சேஜ்மன், பெரும்பாலானோரை இழுத்தது கொள்கையைவிட நண்பர்களும் உறவினர்களும்தான் என்று 2004லேயே எழுதினார். கார்ட்டூம் மாணவர்கள் கூட்டமாகப் போனதே இதற்குச் சான்று. இணையம் விதையைத் தூவுகிறது, பெரும்பாலும் நட்பு வட்டம்தான் நிலமாகிறது. சௌத்ரி போல முற்றிலும் தனியாகப் போனவர்கள் விதிவிலக்குகள்.

பயமும் அதன் விலையும்

அரசுகள் சும்மா இருக்கவில்லை. பிரிட்டனில் 2015இல் வந்த சட்டம், மாணவர்கள் தீவிரவாதத்துக்குள் இழுக்கப்படாமல் தடுப்பதைப் பல்கலைக்கழகங்களின் சட்டப்படியான கடமை ஆக்கியது. வங்கதேசத்தில் 2016 தாக்குதலுக்குப் பின், தொடர்ந்து 10 நாட்கள் வகுப்புக்கு வராத மாணவர்களைப் பற்றித் தகவல் தரும்படி கல்வி நிறுவனங்களுக்கு உத்தரவு போனது.

ஆனால் கண்காணிப்புக்கும் ஒரு விலை உண்டு. 2008 மே மாதம் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் தீவிரவாதத்தைப் பற்றியே முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு முஸ்லிம் மாணவர் கைது செய்யப்பட்டார். அவர் செய்த குற்றம், அல் காய்தாவின் கையேடு ஒன்றை ஆய்வுக்காகத் தரவிறக்கியது. அமெரிக்க நீதித்துறையின் தளத்திலேயே கிடைத்த ஆவணம் அது. ஏறக்குறைய ஒரு வாரம் காவலில் வைக்கப்பட்டு, வழக்கு ஏதுமின்றி விடுவிக்கப்பட்டார். 2011இல் போலீஸ் அவருக்கு 20,000 பவுண்டு இழப்பீடு தந்தது.

இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பாடம் தெளிவாகிறது. தூதரகத்துக்கு ஓடிவந்த தகப்பன் சொன்னது காதில் ஏறவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து படித்த மாணவன் சிறைக்குப் போனான். மாற்றத்தை முதலில் கண்டுகொள்பவர்கள் கேமராவும் உளவாளியும் அல்ல. தகப்பன், தாய், அறைத் தோழன், உள்ளூர் ஜமாஅத்தார். அவர்கள் வாயைத் திறக்க வேண்டுமானால், சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கையும், சொன்னதால் பையன் வாழ்க்கை நாசமாகாது என்ற நம்பிக்கையும் வேண்டும். ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகத்தோடு பார்க்கும் அரசு, தன் காதையே தான் அடைத்துக்கொள்கிறது.

முடிவாக

வீடியோக்களை நீக்கலாம், நீக்கத்தான் வேண்டும். ஆனால் நீக்கிய இடத்தில் அடுத்த குரல் வரும். அது எந்த மதத்தின் பெயராலும் வரலாம், எந்த மொழியிலும் வரலாம். அதை வெல்வது இன்னொரு குரல்தான். கேள்வி கேட்டால் கோபிக்காத ஆசிரியர், சந்தேகத்தைப் பாவம் என்று விரட்டாத மதகுரு, சாப்பிட வராத நண்பனின் கதவைத் தட்டும் சக மாணவன். பேச யாருமில்லை என்று 18 வயதில் ஒரு பையன் எழுதியபோது அது போலீசுக்கான செய்தி அல்ல. நண்பர்களுக்கான செய்தி.

டாக்கா உணவகத்தில் அந்த இரவு ஃபராஸ் ஹுசேன் என்ற 20 வயது இளைஞனும் இருந்தான். முஸ்லிம். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழக மாணவன், விடுமுறைக்கு ஊர் வந்தவன். கூட இருந்தவர்கள் இரண்டு தோழிகள். ஒருத்தி இந்தியப் பெண் தாரிஷி ஜெயின், இன்னொருத்தி அபிந்தா கபீர். உயிர் தப்பியவர்கள் வழியாக வெளிவந்த செய்தி இது: அவனை மட்டும் போகலாம் என்றார்கள். தோழிகளையும் விடுவீர்களா என்று கேட்டான். மாட்டோம் என்றதும் அவன் போகவில்லை. மறுநாள் காலை மூவரின் உடல்களும் கிடைத்தன.

துப்பாக்கியோடு வந்தவர்களும் ஃபராஸும் ஏறக்குறைய ஒரே வயது. சிலர் ஒரே மாதிரியான வீடுகளில் வளர்ந்தவர்கள், ஒரே மார்க்கத்தின் பெயரைச் சொன்னவர்கள். மதமும் படிப்பும் பணமும் அவர்களைப் பிரிக்கவில்லை. யார் குரலைக் கேட்டு வளர்ந்தார்கள், யாரைத் தன் ஆள் என்று நினைத்தார்கள் என்பதே பிரித்தது. இதை ஒவ்வொரு கல்லூரி வளாகமும் யோசித்துப் பார்க்க வேண்டும்.